'போர்டு போச்சு சார்'



நெல்லு, மல்லாட்டை, ஏரி மதகுன்னு எழுதிக்கிட்டு இருந்த ஆளு திடீர்னு மதர்போர்டு பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்க வேணாம். பாகூர் பக்கத்து கிராமங்கள்ல இன்னைக்கு லேப்டாப் இல்லாத தெரு கிடையாது. பள்ளிக்கூடத்துல கொடுத்தது, தவணையில வாங்கினது, துபாய்ல இருந்து சித்தப்பா கொண்டுவந்ததுன்னு எப்படியோ ஒண்ணு இருக்கு. 'நிலமகள்'ல பட்டா நகல் எடுக்கிறதுல இருந்து பயிர் நிவாரணத்துக்கு விண்ணப்பம் போடுற வரைக்கும் அதுலதான் நடக்குது. பிள்ளைங்க படிப்பு அதுலதான். அந்தப் பொட்டி நின்னுபோச்சுன்னா வீட்டுல ஒரு வேலையும் ஓடாது.

நின்னுபோனா பாண்டிக்குத் தூக்கிக்கிட்டுப் போறோம். கண்ணாடிக் கதவு போட்ட இடத்துல குளுகுளுன்னு உட்கார வைக்கிறாங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒரு பையன் வந்து சொல்றான்: 'போர்டு போச்சு சார். புதுசு போடணும்.'

இந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. மதர்போர்டை மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. மாத்தித்தான் ஆகணும்ங்கிற நேரம் உண்டு, அதையும் கீழே எழுதுறேன். ஆனா அளந்து பார்க்காமலே 'மாத்தணும்'னு சொல்றது வைத்தியம் இல்ல, வியாபாரம். அப்படிச் சொல்ல வழி விடுற நம்ம நாட்டுச் சட்டமும் பத்தாது.

என் தங்கச்சி வீடு பாண்டி கிருஷ்ணா நகர்ல. என் பொண்ணு அங்க அத்தை வீட்டுல தங்கித்தான் காலேஜ் போகுது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரி பக்கம் கரை ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரை ஏறின பிறகும் நகராம மணிக்கணக்கா ஒரே இடத்துல நின்னுச்சே, அதுதான் கெடுத்தது. ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. விடியறதுக்குள்ள கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர், பூமியான்பேட்டை எல்லாம் தண்ணிக்குள்ள. ராணுவம் படகு போட்டு ஆளுங்களை வெளியே கொண்டுவந்துச்சு. அடுத்து சாத்தனூர் அணையில இருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணி தென்பெண்ணையில வந்து, எங்க பக்கம் சோரியாங்குப்பம், குருவிநத்தம் எல்லாம் மூழ்கினது தனிக் கதை. அதை வேற பதிவுல எழுதுறேன்.

தங்கச்சி வீட்டுல இடுப்பளவு தண்ணி. மனுஷங்க மாடிக்கு ஏறிட்டாங்க. பொண்ணோட லேப்டாப் பை கட்டிலோட மிதந்து கவிழ்ந்து கிடந்துச்சு. மூணு வருஷப் படிப்பு, கடைசி வருஷ புராஜெக்ட் எல்லாம் அதுக்குள்ள. 'அப்பா, அது போனா போகட்டும், உள்ள இருக்கிறது வேணும்பா'ன்னு போன்ல அழுதுச்சு.

புயலுக்கு அப்புறம் பாண்டியில லேப்டாப்பும் கையுமா நின்னவங்க எத்தனையோ பேர். நாங்க முதல்ல போனது அந்தக் கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்கு. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. இந்த விஷயத்துல நான் விசாரிச்ச வரைக்கும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல. பையன் பின்பக்கத்தைக் கழட்டினான். உள்ள ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்குமாம், தண்ணி பட்டா சிவந்துடுமாம். சிவந்திருந்துச்சு. அவ்வளவுதான் பரிசோதனை. மீட்டர் வைக்கல, அடாப்டர் போட்டுப் பார்க்கல. தண்ணி பட்டதுனால வாரண்டி கிடையாது, போர்டு மாத்த வரி சேர்த்து 22,400 ரூபாய், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பு இல்லன்னு ஒரு காகிதத்துல கையெழுத்து கேட்டான். இதைப் பார்த்துச் சொன்னதுக்குத் தனியா 590 ரூபாய். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்'னு எங்க ஆயா சொல்லும்.

22,400 ரூபாயை விவசாயி கணக்குல போட்டுப் பாருங்க. அந்த வருஷம் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு வச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். 75 கிலோ மூட்டைக்கு 1,725 ரூபாய் ஆகுது. அந்த போர்டு 13 மூட்டை நெல்லு. புயல் நிவாரணமா நம்ம அரசாங்கம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்தது 5,000 ரூபாய். அதே மாதிரி லேப்டாப் அன்னைக்குப் புதுசாவே 38,000-க்குக் கிடைச்சுது. அப்போ போர்டு விலையைக் கேட்டதும் மனுஷன் என்ன நினைப்பான்? 'இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாமே'ன்னு. நினைக்கட்டும்னுதான் அந்த விலையே வைக்கிறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போ மோட்டார் கொட்டகைக்கு வாங்க.

போர்ல இறங்கியிருக்கிற மோட்டார் லோ வோல்டேஜ்ல எரிஞ்சு போகுது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லார் கொல்லையிலயும் நடக்கிறதுதான். யாராவது 'மோட்டார் போச்சு, புதுசு வாங்கு'ன்னு சொல்றாங்களா? மேல தூக்கி, பாகூர்லயோ வில்லியனூர்லயோ காயில் கட்டுற கடைக்குக் கொண்டுபோறோம். அவர் பிரிச்சுப் பார்த்து, 'காயில்தான் எரிஞ்சிருக்கு, புஷ் தேஞ்சிருக்கு, ஷாஃப்ட் நல்லா இருக்கு'ன்னு சொல்லுவார். எரிஞ்ச தாமிரக் கம்பியை உருவி, புதுக் கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்திக் கொடுப்பார். பழைய தாமிரத்துக்குக் கூட எடை போட்டுக் கழிப்பார். சில நேரம் 'இது தாங்காது, புதுசு வாங்கிடுங்க'ன்னும் அவரே சொல்லுவார். ஆனா பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவார். அந்த ஒரு மரியாதை லேப்டாப்புக்கு ஏன் கிடைக்கலங்கிறதுதான் என் கேள்வி.

மதர்போர்டுன்னா ஏதோ ஒரே கட்டி மாதிரி நினைச்சுக்கிறோம். அது பல அடுக்காத் தாமிரக் கோடு ஓடுற ஒரு தகடு. அது மேல நூத்துக்கணக்குல சில்லறைச் சாமான் ஈயம் வச்சு ஒட்டியிருக்கு. அதுல பெரிய தலைங்க நாலோ அஞ்சோதான்: பிராசஸர், அதுக்குத் துணையா நிக்கிற சிப்பு, பயாஸ் சிப்பு, சார்ஜ் பண்ற சிப்பு இப்படி. மீதியெல்லாம் கெபாசிட்டர், ரெசிஸ்டர், மாஸ்ஃபெட்டுன்னு அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் சரக்கு. பெரும்பாலும் சாகிறது இந்தச் சில்லறைங்கதான். ஏன்னா வெளியில இருந்து வர்ற கரண்டை முதல்ல வாங்கிக்கிறது இதுங்கதான். வாய்க்கால்ல வெள்ளம் வந்தா முதல் மதகுதானே அடி வாங்கும்!

எங்களுக்கு வழி சொன்னது தங்கச்சி வீட்டுக்காரர். டவுன்ல ஒரு குறுகலான மாடிப்படி ஏறினா, பத்துக்குப் பத்து ரூம்புல முப்பது வயசுத் தம்பி ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். ஐ.டி.ஐ. படிச்சவர். மேசையில ஒரு மைக்ராஸ்கோப், ஹாட் ஏர், மீட்டர், டி.சி. சப்ளை பொட்டி. சுவர் ஓரமா காய்கறிக் கூடை மாதிரி பழைய போர்டுங்க. புயல் வாரத்துல அவர்கிட்ட நாப்பது லேப்டாப் வரிசையில இருந்துச்சு. 'ஐயா, அவசரப்படாதீங்க, நாலு நாள் ஆகும். சுவிட்ச் மட்டும் போட்டுப் பார்க்காம இருந்தீங்களே, அதுவே பெரிய உதவி'ன்னார்.

அவர் வேலை செஞ்சதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு இதெல்லாம் வேடிக்கை பார்க்கிற புத்தி உண்டு.

முதல்ல போர்டைத் தனியாக் கழட்டி, ஒரு திரவத்துல முக்கி பிரஷ்ஷால தேய்ச்சார். ஐ.பி.ஏ.ன்னு சொல்றாங்க, ஒரு வகை ஸ்பிரிட்டு. சாக்கடை கலந்த வெள்ளத்துல இருக்கிற உப்பும் மண்ணும்தான் போர்டுக்கு எமன், வெறும் தண்ணி இல்லன்னார். ஈரத்தோட கரண்டு பாய்ஞ்சா அந்த உப்பு தாமிரத்தைத் தின்னுடுமாம். கழுவினதும் மீட்டரை வச்சார். அடாப்டர்ல இருந்து வர்ற 19 வோல்ட் கோட்டுல ஷார்ட். அதாவது கரண்டு உள்ள போற வழியிலேயே எங்கேயோ நேரா தரைக்கு இறங்குது. அந்தக் கோட்டுல இருபது முப்பது கெபாசிட்டர் தொங்குது. அதுல எது?

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. டி.சி. சப்ளையில இருந்து ஒரே ஒரு வோல்ட் அளவு அந்தக் கோட்டுல விட்டார். போர்டு மேல அந்த ஸ்பிரிட்டை லேசா ஊத்தினார். எல்லா இடமும் பளபளன்னு ஈரமா இருக்கு. ஒரே ஒரு புள்ளி மட்டும் சட்டுனு காய்ஞ்சுது. 'இவன்தான் ஐயா'ன்னார். ஷார்ட் ஆனது சூடாகும், சூடான இடத்துல ஸ்பிரிட்டு முதல்ல ஆவியாகும், அவ்வளவுதான் சூட்சுமம். மண்ணுக்குள்ள போற பி.வி.சி. பைப்புல ஓட்டைன்னா மேல ஈரம் காட்டுறதை வச்சு நாம தோண்டுறோம்ல, அதையே தலைகீழா இந்தத் தம்பி காய்ச்சலை வச்சுக் கண்டுபிடிக்கிறார். காய்ச்சலும் பாய்ச்சலும் நமக்குத் தெரியாததா!

எடுத்து என் உள்ளங்கையில வச்சார். கேழ்வரகை விடச் சின்னது. 13 மூட்டை நெல்லைக் கேட்டது இதுதான்.

அதுக்கு அப்புறம் சார்ஜ் ஆகல. சார்ஜ் சிப்பு பச்சை பூத்திருந்துச்சு. அந்த சிப்பைத் தனியா வாங்க முடியாதாம். சில சிப்புங்களைச் செய்யிற கம்பெனி, லேப்டாப் கம்பெனியைத் தவிர வெளி ஆளுக்கு விக்கிறது இல்லையாம். அப்போ இவர் எங்க போவார்? காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுலயும் சென்னை ரிச்சி தெருவுலயும் செத்த போர்டுங்களை வாங்கி வச்சிருக்கார். அதுல ஒண்ணுல இருந்து பிடுங்கி இதுல நட்டார். நாத்தங்கால்ல இருந்து நடவு வயலுக்கு மாத்துற மாதிரி. போர்டோட சர்க்யூட் படம் இருந்தா அரை மணியில முடியுற வேலை, படம் இல்லாததுனால ஒரு நாள் ஆச்சுன்னார். அந்தப் படத்தைக் கம்பெனி கொடுக்காது. யாரோ எங்கேயோ கசியவிட்டதைத் தேடிப்பிடிச்சுத்தான் உலகம் முழுக்க இந்த வேலை செய்யிறவங்க பொழைக்கிறாங்க. மோட்டாருக்கு எத்தனை சுத்து, என்ன கேஜ் கம்பின்னு பழைய காயிலைப் பிரிச்சு எண்ணிப் பார்த்துக்கலாம். பல அடுக்குத் தகட்டுக்குள்ள ஓடுற கோட்டை எப்படி எண்ணுறது?

மொத்தம் 3,200 ரூபாய். கீபோர்டு செத்துப்போனதுக்கு 1,100 தனி. பொண்ணோட புராஜெக்ட் அப்படியே இருந்துச்சு. இன்னை வரைக்கும் ஓடுது.

உடனே 'அப்போ எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிடலாம்'னு கிளம்பிடாதீங்க. பிராசஸரே போயிருந்தா, தகட்டோட உள் அடுக்கு கருகியிருந்தா, கடல் தண்ணி ஏறி மாசக்கணக்கா கிடந்திருந்தா, அந்தத் தம்பியே கையெடுத்துக் கும்பிட்டுடறார். அதே மாதிரி, டிஸ்ப்ளே வரலன்னு கொண்டுபோனா ஹாட் ஏர் வச்சு சிப்பைச் சூடு காட்டி, 'ஓடுது பாருங்க'ன்னு காசு வாங்குற ஆளுங்களும் டவுன்ல இருக்காங்க. சூட்டுல தற்காலிகமா ஓடும். பதினைஞ்சு நாள்ல படுத்துடும். காய்ஞ்ச பயிருக்கு ராத்திரி தண்ணி தெளிச்சுட்டு விடியக்காலம் விக்கிற கதை. என்ன சாமான் மாத்தினீங்க, கழட்டினதைக் காட்டுங்கன்னு கேளுங்க. நல்ல ஆளா இருந்தா சந்தோஷமாக் காட்டுவார்.

மேசைக் கம்ப்யூட்டர்னா கணக்கு வேற. அதோட போர்டுக்கு ஒரு பொது அளவு இருக்கு. 1995-ல இன்டெல் கம்பெனி கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுதான் இன்னைக்கும் ஓடுது. திருகு போடுற ஓட்டை கூட ஒரே இடத்துல இருக்கும். எந்தக் கம்பெனி போர்டையும் எந்தப் பொட்டியிலயும் மாட்டலாம். அதனால அங்க மாத்துறது பல நேரம் மலிவு. ஆனா பழைய பிராசஸருக்குப் பொருந்துற போர்டு கிடைக்காம புது போர்டு வாங்கினா, பிராசஸர் மாத்தணும், ராம் மாத்தணும்னு இழுத்துக்கிட்டே போகும், கூரை மாத்தப் போய் சுவரை இடிச்ச மாதிரி. லேப்டாப்புக்கு இந்தப் பொது அளவே கிடையாது. ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்கே போர்டு பொருந்தாது. குடுமி அவங்க கையில இருக்கிறது அதனாலதான்.

பழைய ஆளுங்களுக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கலாம். 2000-க்கு அப்புறம் அஞ்சாறு வருஷம், பிரௌசிங் சென்டர் எல்லாம் தெருவுக்குத் தெரு இருந்த காலம், கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு செத்துச்சு. திறந்து பார்த்தா போர்டுல இருக்கிற கெபாசிட்டர் தலை உப்பி, பழுப்புத் தண்ணி வடிஞ்சிருக்கும். உலகம் முழுக்க நடந்தது அது. உள்ள ஊத்தின மருந்தே தப்பான சரக்கு. டெல் கம்பெனி 2005-ல அந்தக் கோளாறுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்துச்சு. சாதாரண சோல்டரிங் கம்பியும் நல்ல கெபாசிட்டரும் இருந்தா ஒரு மணி நேரத்துல சரியாகுற கோளாறு. இங்க எத்தனையோ பொட்டி அதுக்காகவே காயலாங்கடைக்குப் போச்சு.

இப்போ சட்டத்துக்கு வரேன்.

நம்ம ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் 1954-ல ஆட்சியைக் கொடுத்துட்டுக் கிளம்பினான். 1962-ல காகிதத்துலயும் முடிஞ்சுது. வீதிப் பேரு, போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி, சொல்தா பென்ஷன்னு கொஞ்சம் மிச்சம் வச்சுட்டுப் போனான். அவன் நாட்டுல இப்போ என்ன பண்றாங்கன்னு பார்த்தேன். பிரான்ஸ்ல லேப்டாப், செல்போன், டி.வி., வாஷிங் மெஷின், புல்வெட்டி விக்கிற கடைக்காரர் விலைச்சீட்டுப் பக்கத்துலேயே ஒரு மார்க்கு போடணும்னு 2021 ஜனவரியில கொண்டுவந்தாங்க. பத்துக்கு எத்தனைன்னு. இதைக் கழட்ட லேசா இருக்கா, உதிரிபாகம் கிடைக்குமா, புதுப் பொருள் விலையோட பார்த்தா உதிரிபாகம் என்ன விலை, ரிப்பேர் விவரம் கொடுக்கிறாங்களான்னு பார்த்துப் போடுற மார்க்கு. நல்லா வாங்கினா பச்சை, மோசம்னா சிவப்பு. மார்க்கைக் கம்பெனியே போட்டுக்குது, அதுல தில்லுமுல்லு உண்டுன்னு அங்கேயும் சண்டை நடக்குது. இருந்தாலும் வாங்குறப்பவே ஜனங்களுக்கு ஒரு கேள்வி எழுதுல்ல? வேணும்னே சீக்கிரம் கெட்டுப்போற மாதிரி சாமான் செஞ்சா ஜெயில்னு 2015-லேயே சட்டம் போட்டுட்டாங்க. 2022 கடைசியில இருந்து, அங்கீகாரம் வாங்கின கடையில ரிப்பேர் பண்ணினா பில்லுல ஒரு தொகையைக் கழிச்சும் கொடுக்கிறாங்க.

நாம எங்க இருக்கோம்? 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டுச்சு. எடுத்துக்கிட்ட நாலு துறையில முதல்ல நிக்கிறது விவசாயக் கருவிங்க, அப்புறம் செல்போன் எலக்ட்ரானிக்ஸ், வீட்டுச் சாமான், வண்டி. அதே வருஷம் டிசம்பர் 24 நுகர்வோர் தினத்துல ஒரு இணையதளம் திறந்தாங்க. கம்பெனிங்க அவங்கவங்க சர்வீஸ் விவரத்தை அதுல போட்டிருக்காங்க. பிரான்ஸ் மாதிரி மார்க்கு போட ஒரு குழு 2025 மே மாசம் அறிக்கை கொடுத்திருக்கு. அதுல முதல்ல போனுக்கும் டேப்லட்டுக்கும்தான். லேப்டாப் அப்புறமாம். போன் கெட்டா ஒரு வாரம் பழைய பட்டன் போனை வச்சு ஓட்டிக்கலாம். படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் கெட்டா என்ன பண்ணும்? எது அவசரம்னு கிராமத்துல கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

விவசாயிக்கு இது சம்பந்தமில்லாத சண்டைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல இந்தச் சண்டையை முன்னாடி நின்னு போட்டதே விவசாயிங்கதான். டிராக்டர்ல கம்ப்யூட்டரை வச்சு, கம்பெனி ஆளு வந்து சாஃப்ட்வேர் போட்டாத்தான் ஓடும்னு ஆக்கிட்டாங்க. அறுவடை நேரத்துல ஆளு வர ரெண்டு நாள் ஆனா கதி என்ன? கொலராடோ மாகாணத்துல 2023-ல சட்டமே கொண்டுவந்து, விவசாய இயந்திரத்தைச் சொந்தக்காரரே சரிபண்ணிக்க உதிரிபாகமும் விவரமும் கருவியும் கொடுத்தே ஆகணும்னு ஆக்கினாங்க. 2025 ஜனவரியில அங்க மத்திய வர்த்தக ஆணையமே ஜான் டீர் கம்பெனி மேல வழக்கு போட்டிருக்கு. நம்ம டிராக்டரை இன்னும் மரத்தடி மெக்கானிக் பிரிச்சு மாட்டுறார். ஆனா மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வந்தாச்சு, அதுக்குள்ள ஒரு போர்டு இருக்கு. சொட்டுநீருக்கு டைமர், அதுக்குள்ளயும் போர்டு. இடி இடிச்சா முதல்ல சாகுது. கடைக்காரர் சொல்றதும் அதே வரிதான்.

கம்பெனிக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் சொல்றாங்க. வெளியில ரிப்பேர் பண்ணின போர்டு தீப்பிடிச்சா யார் பொறுப்பு, படத்தைக் கொடுத்தா காப்பியடிச்சுடுவாங்கன்னு. பேட்டரி விஷயத்துல பயம் நியாயம்தான், மட்டமான பேட்டரி வெடிக்கும். ஆனா பம்பு மோட்டாரும் 440 வோல்ட்டுலதான் ஓடுது. அதைக் காயில் கட்டக் கூடாதுன்னு எந்தக் கம்பெனியும் சொல்லல. கத்துக்கிட்டவன் கட்டுறான், ஒழுங்காக் கட்டலன்னா அடுத்த தடவை அவன்கிட்ட போறது இல்ல.

மழைக்காலம் வருது. லேப்டாப் தண்ணியில விழுந்தா சுவிட்ச் போடாதீங்க, சார்ஜர் சொருகாதீங்க. பேட்டரியைக் கழட்ட முடிஞ்சா கழட்டுங்க. அரிசி மூட்டைக்குள்ள புதைச்சு வைக்கிறது ஒண்ணுத்துக்கும் ஆகாது. நம்மகிட்ட அரிசிக்குப் பஞ்சமில்லன்னாலும், அது உப்பையும் சேத்தையும் கழுவாது, தவிட்டுத் தூசிதான் உள்ள போகும். எவ்வளவு சீக்கிரம் கழுவுறோமோ அவ்வளவு நல்லது.

மாத்தியே ஆகணும்னு முடிவாச்சுன்னா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற டிஸ்க் தனியாக் கழட்டுற மாதிரியா, போர்டோட ஒட்டினதான்னு கேளுங்க. சில மெல்லிசு மாடல்ல ஒட்டியே வர்றது. போர்டு போனா போட்டோ, பாடம் எல்லாம் அதோட போச்சு. தனியா இருந்தாலும், புது விண்டோஸ்ல டிஸ்க்குக்கே பூட்டு போட்டிருக்கும், பிட்லாக்கர்னு பேரு. போர்டு மாறினதும் 48 இலக்கச் சாவி கேட்கும். பிள்ளைங்களோட மைக்ரோசாஃப்ட் கணக்குல அது பெரும்பாலும் இருக்கும். இப்போவே எடுத்து நோட்டுல எழுதி வைங்க.

பழைய போர்டையும் கேட்டு வாங்கிக்குங்க. காசு கொடுத்தது நாம, கழட்டினது நம்ம சாமான். குப்பையில போட்டா ஈயம் மண்ணுக்குத்தான் போகும், தாமிரத்துக்காக அதைக் கொளுத்துறவங்க புகை யாரோ பிள்ளை நெஞ்சுக்குள்ள போகும். 2023 ஏப்ரல்ல இருந்து நடப்புல இருக்கிற மின்கழிவு விதிப்படி, வித்த அளவுக்குக் கணக்கு வச்சு மறுசுழற்சிக்கு ஏற்பாடு பண்ண வேண்டியது கம்பெனிதான். எங்க தம்பி மாதிரி மாடிக்கடைக்காரர்கிட்ட கொடுத்தா, அதுல இருந்து ஒரு சிப்பைப் பிடுங்கி இன்னொரு பிள்ளையோட லேப்டாப்ல நடுவார். போன வாரம் ஸ்டார்ட்டர் போர்டை எடுத்துக்கிட்டுப் போயிருந்தப்போ கூடையைப் பார்த்தேன், பாதிதான் இருந்துச்சு. 'சரக்கு கிடைக்கல ஐயா, யாராவது போட்டா சொல்லுங்க'ன்னார். உங்க பரண்ல ஏதாவது கிடந்தா கொண்டுபோய்க் கொடுங்க.